வெள்ளத்துக்குப் பின் தேகாப்பியாசம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்து, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலைப் பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவைத்த அந்த இராத்திரியை, அதே ஊரில் மொட்டை மாடியில் நின்று கழித்தவன் நான். வெள்ளம் வடிந்தது, சேற்றை வாரினோம், சர்க்கார் கொடுத்த 6,000 ரூபாயையும் வாங்கினோம். அதற்குப் பின்புதான், மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரம்பி வழிகிற சப்தம் கேட்டால்கூட நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வேர்த்து, தூக்கம் அறவே போய்விடுகிற உபாதை என்னைப் பற்றிக்கொண்டது.

மனநல வைத்தியரிடம் போனால் பைத்தியம் என்று ஊர் பேசும் என்று அஞ்சிய என் சித்தப்பா, "ஒண்ணும் இல்லடே, காலம்பர ஆத்தங்கரையில ஓடு, எல்லாம் சரியாப் போயிரும்" என்று விதித்தார். குடும்பத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. ஓடுகிற எவனுக்கும் இருதயம் அடித்துக்கொள்வதும் மூச்சு இரைப்பதும் சகஜம். ஆனால், அதே அடிப்பும் அதே இரைப்பும் மரணபயத்தின் அடையாளங்களாகச் சரீரத்தில் பதிந்துபோன ஒருவனை, சிகிச்சை ஏதுமின்றி, பயத்துக்குக் காரணமான ஜலப்பிரவாகத்தின் ஓரத்திலேயே கொண்டுபோய் ஓடவிட்டால், அவன் சரீரம் அதைத் தேகாப்பியாசமென்றா எடுத்துக்கொள்ளும்? கரையில் உட்கார்ந்துவிட்ட என்னை இரண்டு பேர் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த யோசனையால் வீணாய்ப் போன மாதங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

பிற்பாடு பாளையங்கோட்டையில் என் மகள் வீட்டில் தங்கி ஒரு மனநல வைத்தியரைப் பார்த்தேன். நடந்ததை நடந்த கிரமத்திலேயே வாய்விட்டுச் சொல்லவைப்பதும், அஞ்சி ஒதுக்கியவற்றைப் படிப்படியாக நெருங்கவைப்பதுமே அவருடைய பிரதான சிகிச்சை. அதற்குத் துணையாகத்தான் தேகாப்பியாசம் வந்தது. முதல் நாள் என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணச் சொன்னார். ஏறிய துடிப்பு, நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே தானாக இறங்கியது. ஆபத்து இல்லாதபோதும் நெஞ்சு துடிக்கும், துடித்தது அடங்கவும் செய்யும் என்பதை எத்தனை உபதேசத்தாலும் ஏற்காத என் சரீரம், அந்தப் படிக்கட்டில் ஏற்கத் தொடங்கிற்று.

அப்புறம் வ.உ.சி. மைதானத்தில் வேகநடை, பிறகு மெல்லோட்டம். உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்லுகிற வாரம் 150 நிமிஷக் கணக்குத்தான்.   நீங்களும் இப்படித் தொடங்குவதானால், இருதயக் கோளாறு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நடையின் நடுவில் பழைய காட்சி மனத்தில் எழும்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாமல் நின்று, காலடி மண்ணையும் எதிரே வருகிற ஆளையும் கவனியுங்கள். அதை அடுத்த சந்திப்பில் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆற்றங்கரைக்கு எப்பொழுது போவது என்பதைச் சிகிச்சையின் போக்கறிந்து அவர் சொல்லட்டும். சித்தப்பாக்கள் சொல்ல வேண்டாம்.

வைத்தியரிடம் நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் டெலி-மானஸ் என்னும் சர்க்கார் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, செலவில்லாமல் பேசலாம். மேல்தொட்டிச் சப்தத்துக்கு நான் பயந்த நாட்களிலும் இந்த எண் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.