கேன் காலியானால் லெவல் சரியா?

ஆயில் கடைகளில் கார்களுக்கென்று அடுக்கி வைத்திருப்பதில் 3.5 லிட்டர் கேன்தான் அதிகம் கண்ணில் படும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு ஃபில்டரோடு சேர்த்து மாற்றினாலும் மூன்று லிட்டர் சொச்சம் போதும். மிச்சத்தை என்ன செய்வது? "காசு கொடுத்து வாங்கியாச்சு, ஊத்திடுங்கண்ணே" என்பார் வண்டிக்காரர். "கொஞ்சம் கூட இருந்தா என்ஜினுக்கு நல்லதுதான் சார்" என்று மெக்கானிக்கும் ஒத்து ஊதுவார். கேன் கவிழும். ஆயில் பற்றி நம்மிடம் புழங்கும் நம்பிக்கைகளில் முதலில் களைய வேண்டியது இதைத்தான்.

நம்பிக்கை: ஆயில் குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் ஒன்றும் ஆகாது.

என்ஜினின் அடியில் இருக்கும் சம்ப்பில்தான் ஆயில் தேங்கி நிற்கிறது. அதற்கு மேலே, சிறு இடைவெளி விட்டு, கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுகள். ஆயில் மட்டம் ஏறி அந்த இடைவெளி போய்விட்டால், கிராங்கின் எடைக்கட்டிகள் ஆயிலை மத்து மோரைக் கடைவதுபோலக் கடையத் தொடங்கும். நுரை வரும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பேரிங்குகளுக்குப் போக வேண்டிய அழுத்தம் தளரும். ஆயிலைக் கூட்டி ஊற்றியதன் விளைவாக, ஆயில் இல்லாத என்ஜின் படும் பாட்டையே இதுவும் படும் என்பதுதான் வேடிக்கை.

தொல்லை அதோடு நிற்பதில்லை. கிளம்பும் ஆயில் ஆவி பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் பாதைக்குள் நுழைந்து எரியும். சைலன்சரில் நீலப் புகை தெரியும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் படிவு சேரும். சீல்களில் கசிவு தொடங்கலாம். டீசல் வண்டியில், அரிதாகத்தான் என்றாலும், உள்ளே போகும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு சாவியை அணைத்த பிறகும் என்ஜின் தறிகெட்டு ஓடிய சம்பவங்கள் உண்டு.

அதற்காக, ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கு ஒரு நூல் ஏறிவிட்டதென்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அரை லிட்டர் அளவுக்குக் கூடியிருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டுப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சலாம். இல்லையென்றால் டிரெயின் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடிக்கலாம். கேனில் மீதமாகும் ஆயில் வீணல்ல. மூடியை இறுக மூடி வைத்தால் பின்னால் டாப் அப்புக்கு உதவும்.

நம்பிக்கை: கையேட்டில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே ஊற்றினால் லெவல் சரியாக இருக்கும்.

அந்தக் கணக்கு வழிகாட்டி, அவ்வளவுதான். பழைய ஆயிலை எவ்வளவு நேரம் வடித்தாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஃபில்டர் மாற்றினால் ஒரு கணக்கு, மாற்றாவிட்டால் இன்னொரு கணக்கு. ஆகவே சொன்ன அளவில் கால் லிட்டரோ அரை லிட்டரோ குறைத்து ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். புது ஃபில்டர் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். பிறகு அணைத்து, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஸ்டிக்கின் மேல், கீழ்க் குறிகளுக்கு நடுவே உள்ள அளவு பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறிய கார்களில் குறைவாகவும் இருக்கும். மட்டம் பாதியில் நிற்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலை முழுதாகக் கவிழ்ப்பவர், மேல் குறியைத் தாண்டத்தான் செய்வார். மேல் பாதிக்குள் எங்கே நின்றாலும் சரியான லெவல்தான்.

நம்பிக்கை: காலையில் குளிர்ந்த என்ஜினில் பார்ப்பதுதான் சரி. (ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு.)

இரண்டாவது கட்சிக்கும் ஒரு பின்னணி உண்டு. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் கியர் ஆயிலை என்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் பழைய போர்ஷே 911 காரிலும், சூடான என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போதுதான் பார்ப்பார்கள். நம் தெருவில் ஓடும் கார்களுக்கு அது பொருந்தாது. ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு மேலே ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் ஸ்டிக்கில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மறுபடியும் அதே தப்புதான்.

பெரும்பாலான கையேடுகள் சொல்வது இது: சூடான என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறு. ஹோண்டா சுமார் மூன்று நிமிடம் என்கிறது. டொயோட்டா ஐந்து நிமிடத்துக்கு மேல் என்கிறது. பத்து நிமிடம் பொறுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காலையில் பார்ப்பதும் பெரிய பிழையல்ல. ஆயில் சூட்டில் விரியும். 70 டிகிரி ஏறினால் சுமார் 5 சதவீதம். மூன்றரை லிட்டரில் அது 170 மில்லி போல வரும். குளிரில் பார்த்து மேல் குறியைத் தொடும்வரை ஊற்றாமல் இருந்தால் போதும்.

நேரத்தைவிட இடம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. நம் வீடுகளில் போர்ட்டிகோவுக்கு ஏறும் சாய்தளத்தில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே எடுக்கும் அளவை நம்ப முடியாது. சமதரையில் நிறுத்துங்கள். ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுக்க உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது தெரிவது தெறித்து ஒட்டிய ஆயில். ஸ்டிக்கின் இரு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால், குறைவாகக் காட்டும் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் திரை சொல்வதுதான் கணக்கு.

நம்பிக்கை: ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து சொல்லிவிடும்.

டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குவளை காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. கீழ்க் குறிக்கு வெகுவாகக் கீழே போன பிறகுதான் அது கண் விழிக்கும். எரிந்துவிட்டால் "அடுத்த பங்க் வரைக்கும்" என்று ஓட்டாமல் அங்கேயே அணைத்துவிடுங்கள். கீழ்க் குறியை ஒட்டிய ஆயிலோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது வேண்டாத துணிச்சல். வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

நிறம் கறுத்தால் ஆயில் கெட்டது என்ற நம்பிக்கைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீசல் என்ஜினில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்; புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் வேலை. ஸ்டிக்கில் பால்போல வெளுத்திருந்தால் மட்டும் கூலன்ட் கலந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

நம்பிக்கை: லெவல் குறையாமல் இருந்தால், ஏன் ஏறியே இருந்தாலும், என்ஜின் கல்லுபோல இருக்கிறது.

யாரும் ஊற்றாமல் ஆயில் ஏறுகிறதென்றால் வேறு ஏதோ உள்ளே சேர்கிறது என்று பொருள். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி சாதாரணமாகிவிட்டது. சேர்ந்த கரியை எரிக்க என்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போகும். டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும். மஸ்டா தன் டீசல் கார்களின் டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கும் மேலே ஒரு 'எக்ஸ்' குறியே போட்டிருக்கிறது: அதை எட்டினால் ஆயிலை மாற்று என்று. டீசல் கலந்து நீர்த்த ஆயிலுக்கு வழுவழுப்பு போய்விடும். வடித்து அளவைச் சரிசெய்தால் போதாது, முழுதாக மாற்ற வேண்டும்.

மறுபக்கம், நல்ல என்ஜின் ஒரு சொட்டு ஆயிலும் குடிக்காது என்பதும் சரியல்ல. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று ஃபோக்ஸ்வேகன் கையேடே சொல்கிறது. சர்வீஸ் இடைவெளி 10,000 கிலோமீட்டர் என்றால், நடுவில் ஒரு தடவையும் பார்க்காதவர் நிலைமையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறையும், வெளியூர்ப் பயணத்துக்கு முந்தின நாளும் போனட்டைத் திறந்து நீங்களே ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.