கரண்ட் பில்லில் தொடங்கும் கோடிங் பாடம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்திலிருந்து உங்கள் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய், கடைசி தேதி எப்போது. பெரும்பாலும் தொகையைப் பார்த்துவிட்டுக் கட்டிவிடுவோம். இந்த முறை கட்டுவதற்கு முன் ஒரு பேப்பரில் அந்தத் தொகை எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள். புரோகிராமிங் கற்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், தி.நகர், அடையாறு பக்கம் நடந்தாலே "ஆறு மாதத்தில் ஐ.டி. வேலை" என்ற பலகை கண்ணில் படும். பிள்ளைக்கு இது வருமா, பிடிக்குமா என்று தெரியும் முன்பே பல வீடுகளில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். "கோடிங் வருமா வராதா என்று சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்பது தலைகீழான யோசனை. காசு செலவில்லாமல் ஒரே ஒரு சிறிய நிரல் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

கணக்குக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.25 என்ற சலுகைப் படி கிடையாது. முதல் 100 இலவசம்தான், ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, 401 முதல் 500 வரை 6, 501 முதல் 600 வரை 8 ரூபாய்.

இதை அப்படியே நிரலாக எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கிறது. பைத்தானைக் கொண்டு கட்டப்பட்டது, கட்டற்ற மென்பொருள். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-ல் வெளிவந்தது. எழிலில் நம் கணக்கு இப்படி இருக்கும்:

யூனிட் = 450
@( யூனிட் <= 100 ) ஆனால்
  கட்டணம் = 0
@( யூனிட் <= 200 ) இல்லைஆனால்
  கட்டணம் = (யூனிட் - 100) * 2.25
@( யூனிட் <= 400 ) இல்லைஆனால்
  கட்டணம் = 225 + (யூனிட் - 200) * 4.50
@( யூனிட் <= 500 ) இல்லைஆனால்
  கட்டணம் = 1125 + (யூனிட் - 400) * 6
இல்லை
  கட்டணம் = 1950 + (யூனிட் - 500) * 8
முடி
பதிப்பி "கட்டணம்", கட்டணம்

'யூனிட்', 'கட்டணம்' இரண்டும் மாறிகள், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பாக்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது நிபந்தனை. 225 எங்கிருந்து வந்தது? 101 முதல் 200 வரை உள்ள நூறு யூனிட்டின் முழுத் தொகை. அதோடு அடுத்த 200 யூனிட்டுக்கு 900 ரூபாய் சேர்ந்தால் 1125. கடைசியில் உள்ள 1950-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். 300 யூனிட்டை 4.50-ஆல் பெருக்கி, 600 கூட்ட வேண்டும். 450 யூனிட்டுக்கு இந்த நிரல் 1425 ரூபாய் என்று சொல்லும்.

இனிதான் முக்கியமான இடம். கணினி மேலிருந்து கீழே ஒவ்வொரு நிபந்தனையாகப் பார்க்கும். முதலில் எது உண்மையோ அதைச் செய்துவிட்டு வெளியே போய்விடும். அதனால் வரிசை மாறினால் கணக்கே மாறும். 400-க்கான நிபந்தனையை 200-க்கு முன்னால் தவறிப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 120 யூனிட்டுக்கு என்ன வரும் தெரியுமா? கழித்தல் 135 ரூபாய். அதாவது மின்வாரியம் உங்களுக்கு 135 ரூபாய் தர வேண்டும்! இது பரவாயில்லை, பார்த்தாலே தப்பு என்று தெரிந்துவிடும். அதே நிரலில் 150 யூனிட் போட்டால் பூஜ்யம் வரும். "ஓ, இலவசம் போல" என்று நம்பிவிடுவோம். சரியான விடை 112.50 ரூபாய். கணினி சிவப்பு எழுத்தில் எதுவும் கத்தாது. அமைதியாகத் தப்பு சொல்லும் நிரல்தான் ஆபத்தானது.

இப்போது 500, 501 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 500-க்கு 1725 ரூபாய். 501-க்கு 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். சலுகைப் படி போய்விடுவதுதான் காரணம். விதியை மேலோட்டமாகப் படித்தவர் 1725-உடன் 8 கூட்டி 1733 என்று எழுதிவிடுவார்.

"இப்பெல்லாம் ஏ.ஐ.யே கோடு எழுதித் தருதே, நாங்க எதுக்குப் படிக்கணும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏ.ஐ.யிடமே கேட்டு இந்த நிரலை எழுதி வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வாங்கியதும் 100, 101, 200, 201, 500, 501 என்று எல்லை எண்களைப் போட்டுச் சோதியுங்கள். 501-க்கு 1733 வந்தால் விதி விடுபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விதி உங்கள் தலையில் இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் எல்லை மதிப்புச் சோதனை என்று இதையே ஒரு வேலையாகச் செய்கிறார்கள். வங்கி வட்டி, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என எல்லாவற்றிலும் 'வரை', 'தாண்டினால்' என்ற சொற்கள் இருக்கின்றன. அந்த விளிம்புகளில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்.

என் நிரலிலும் ஒரு குறை இருக்கிறது. விகிதங்களை எண்களாகவே உள்ளே எழுதிவிட்டேன். 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் மாறியபோது இதில் ஏழெட்டு இடம் தேடித் திருத்த வேண்டும். மேலேயே 'விகிதம்1 = 2.25' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டு, கீழே பெயரை மட்டும் பயன்படுத்தினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். இன்றைய விகிதத்தை மின்வாரிய இணையதளத்தில் பார்த்து இப்படித் திருத்தி எழுதுவதை இரண்டாவது பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு எழில் போதாது, பைத்தான் வேண்டும். ஆனால் மேலே உள்ளதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி பைத்தான் வந்துவிட்டது. 'ஆனால்' என்ற இடத்தில் இஃப், 'இல்லைஆனால்' இடத்தில் எலிஃப், 'இல்லை' இடத்தில் எல்ஸ், 'பதிப்பி' இடத்தில் பிரிண்ட். 'முடி' கிடையாது, வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் எது எதற்குள் இருக்கிறது என்று காட்டும். செல்பேசியில் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்தால் ஜிமெயில் கணக்கு மட்டும் போதும், எதையும் நிறுவாமலே ஓட்டலாம். சின்னத் திரையில் அந்த இடைவெளிகளைச் சரியாக வைப்பது கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பதற்கில்லை. ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் பார்க்கலாம். பேட்டரியை அங்கேயே ஓட்டிப் பார்த்து, ரசீது கேட்டு வாங்குங்கள்.

பாடப் புத்தகத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் தமிழிலேயே இருக்கிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் வெளியீடு, இணையத்தில் இலவசமாகவும் இறக்கலாம். பள்ளியில் வேறு பிரிவு படித்தவர்களும் இதை எடுத்துப் படிக்கலாமே. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு. கணியம் தளம் 2012 முதல் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக வெளியிட்டு வருகிறது.

ஆங்கிலத்தில் கேட்க முடிந்தவர்களுக்கு என்.பி.டெல். அதில் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாடத்தைத் தேடுங்கள். அவர் பணிபுரியும் சென்னை கணிதவியல் கழகம் 2005-ல் சிறுசேரிக்குப் போகும்வரை தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில்தான் இருந்தது. வீடியோ இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி மாணவர்கள் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு எந்தப் பயிற்சி வந்திருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் படிக்கலாம். பிளஸ் டூ முடித்தவருக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

வீட்டில் இடமில்லை, சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

கடைசியாக வீட்டுப்பாடம். மேலே உள்ள நிரல் 600 யூனிட் வரைதான் சரி. 650 போட்டால் 3150 என்று சொல்லும், அது தவறு. 2022 விகிதப்படி 601 முதல் 800 வரை 9 ரூபாய், 801 முதல் 1000 வரை 10, அதற்கு மேல் 11. மீதி நிபந்தனைகளை நீங்கள் சேருங்கள். 650-க்கு 3200, 1000-க்கு 6550 வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.