தடுக்கினால் மடங்கும் விளிம்பு

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் ஒரே இரவில் சாலை முழங்கால் அளவு பனியில் மூடிப்போவதுண்டு. ஆம்புலன்ஸோ பள்ளிப் பேருந்தோ நகர வேண்டுமானால் முதலில் பனியைத் தள்ளியாக வேண்டும். அதற்காக டிரக்கின் முன்புறம் மாட்டப்படும் அகலமான தகடுதான் பனிக்கலப்பை. அதில் 'டிரிப் எட்ஜ்' என்னும் ஒரு பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். டிப்ளமோவும் பொறியியலும் படிக்கும் நம் பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து படிக்கலாம்.

ஆபத்து எங்கே?

பனிக்கு அடியில் இருப்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. சற்றே தூக்கி நிற்கும் மேன்ஹோல் மூடி, பாலத்தின் இணைப்பு இரும்பு, நடைபாதை ஓரக் கல், உறைந்து கல்லாகிப் போன பனிக்கட்டி என எதுவும் இருக்கலாம். தகடு தரையை உரசிக்கொண்டே போவதால் அவற்றில் நேராக மோதும். அப்போது எதுவும் விட்டுக்கொடுக்காவிட்டால் தகடு வளையும், அதைத் தாங்கும் சட்டம் கோணும், சேஸிஸ் பழுதாகும். ஓட்டுநரும் முன்னால் தூக்கியெறியப்பட்டுக் காயமடையக்கூடும்.

இரண்டு வழிகள்

வீட்டில் மின்சாரம் 'டிரிப்' ஆகிவிட்டது என்கிறோம். பளு மீறும்போது சுவிட்ச் தானே விழுந்து ஒயரிங்கைக் காப்பாற்றுகிறது. இங்கும் அதே கருத்துதான். வேறுபாடு ஒன்று: ஸ்பிரிங் இருப்பதால் இது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முதல் வழி, முழுத் தகடும் சாய்வது. தடையில் மோதியதும் தகட்டின் அடிப்பாகம் பின்னால் போகும். மேற்பாகம் முன்னால் கவிழும். தடையைக் கடந்ததும் ஸ்பிரிங்குகள் இழுத்து நிமிர்த்தும். நம் வீடுகளில் குழந்தைத் தொட்டிலை மாட்டும் ஸ்பிரிங் போல இழுபட்டுச் சுருங்கும் வகை இது. ஆனால் தகடு கவிழும்போது அது தள்ளிவந்த பனி முன்னால் கொட்டிவிடும்.

இரண்டாம் வழி டிரிப் எட்ஜ். இதில் மேல்தகடு அசையாது. அடியில் உள்ள பட்டை மட்டும் கீல் போட்டுத் தனியாக இணைக்கப்பட்டிருக்கும். மாடலைப் பொறுத்து அதன் உயரம் சுமார் 6 முதல் 12 அங்குலம் இருக்கும். துணி மாட்டும் கிளிப்பில் இருப்பது போன்ற முறுக்கு ஸ்பிரிங்குகள், மிகத் தடித்த அளவில், அதை முன்னோக்கி அழுத்திப் பிடித்திருக்கும். தடை வந்தால் பட்டை பின்னால் மடங்கும். தடையின் மேல் ஏறிக் கடக்கும். உடனே படீரென்று திரும்பி நிற்கும். மேல்தகட்டில் உள்ள பனி பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேலையும் தொடரும்.

இதன் எல்லை

கீலுக்குக் கீழே மோதினால்தான் பட்டை மடங்கும். அதைவிட உயரமான கல்லில் மோதினால் அசையாத மேல்தகடே அடி வாங்கும். அந்த இடத்தில் முழுத் தகடும் சாயும் வகையே மேல். பக்கவாட்டில் இடித்தால் இரண்டும் உதவாது.

வேகத்தையும் மறக்கக் கூடாது. 15 கிலோமீட்டர் வேகம் 30 ஆனால், வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். ஸ்பிரிங் இருக்கிறதென்று விரட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பராமரிப்பு

சாலையில் தூவும் உப்பு கீல் ஊசியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறி இறுகிய பட்டை மடங்காது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, இறுகிய பனிக்கே மடங்கி, சாலையில் பனியை விட்டுவிட்டுப் போகும். தரையை உரசும் தேய்மானத் தகடு போல்ட்டில் மாட்டப்பட்டது. அது முழுதும் தேயுமுன் மாற்றிவிட வேண்டும், இல்லையேல் பட்டையே தேயத் தொடங்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது: ஸ்பிரிங் எப்போதும் விசையோடு இருக்கிறது. கீலுக்கு அருகே விரல் வைப்பதும், தூக்கி நிற்கும் தகட்டுக்கு அடியில் போவதும் கை காலையே இழக்கச் செய்யும்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. கீல் 8 அங்குல உயரத்தில் இருக்கிறது. 4 அங்குலத் தடையில் மோதினால் என்ன ஆகும்? 10 அங்குலத் தடையானால்?
2. ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி முறுக்கினால் அடி யாருக்குப் போய்ச் சேரும்?
3. விட்டுக்கொடுத்து, பின் தானே நிலைக்குத் திரும்பும் பொருள்கள் நம் வீட்டில் எவை?