மூணு ரீப்பர், ஒரு நூல், ஒரு நட்டு

உங்க டிபார்ட்மென்ட் வாசல்ல ஒரு சாய்தளம் இருக்கும். அதோட சரிவு எவ்வளவுன்னு தெரியுமா? சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு நம்ம நாட்டு வழிகாட்டு நெறிகள்ல அடிப்படை எண் 1:12. அதாவது 12 அடி நடந்தா ஒரு அடி உயரணும், அதுக்கு மேல கூடாது. மூணு படி உயரம், 45 சென்டிமீட்டர்னு வைங்க. அதுக்கு 5.4 மீட்டர் நீளம் தேவை. இடம் இல்லைன்னு 3.6 மீட்டர்ல முடிச்சா அது 1:8 ஆயிடும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோன்னா, 1:12-ல சுமார் ஏழரை கிலோ விசையில தள்ளணும். 1:8-ல 11 கிலோவுக்கு மேல. தனியா வர்றவங்க கைக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

இதை அளக்க ஒரு கருவி செய்யலாம் வாங்க. லேசர் எல்லாம் வேண்டாம். எகிப்துல தேர் எல்-மெதினா கிராமத்துல, சென்னெஜெம் என்ற கைவினைஞரோட கல்லறையை 1886-ல திறந்தப்போ இதே மாதிரி ‘A’ வடிவ மட்டம் ஒண்ணு கிடைச்சது. வயசு 3,000 வருஷத்துக்கு மேல. வடிவம் இன்னும் மாறல.

மரக்கடையில நாலடி ரீப்பர் மூணு வாங்குங்க. வளையாத கட்டையாப் பார்த்து எடுங்க. ரெண்டை மேல் நுனியில ஒரு போல்ட், வாஷர் போட்டுச் சேர்த்து, கால்களைச் சுமார் ஒரு மீட்டர் விரிங்க. மூணாவது ரீப்பரை வெட்டி குறுக்கா வைக்கணும். இந்தக் கருவியில கவனமா அளக்க வேண்டியது ஒரே ஒரு இடம்தான்: நூல் தொங்குற புள்ளியில இருந்து குறுக்குக் கட்டையோட மேல் விளிம்பு வரைக்கும் நேர் கீழா 60 சென்டிமீட்டர். அங்க ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு நல்லா இறுக்குங்க. முக்கோணம் ஆயிட்டதால இனி அசையாது. மேல் போல்ட்டுல நூல் கட்டி, குறுக்குக் கட்டைக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் விட்டு, நுனியில கனமான இரும்பு நட்டு ஒண்ணைத் தொங்க விடுங்க. நூல் கட்டையை உரசாம, ஒட்டினாப்ல தொங்கணும். கால் நுனியில ஆளுக்கொரு உருண்டைத் தலை ஸ்க்ரூ அடிச்சா தரையில தொடுற புள்ளி தெளிவாத் தெரியும்.

“கால் ரெண்டும் ஒரே நீளம் இல்லைன்னா?” பரவாயில்லை. இந்தக் கருவியில எனக்குப் பிடிச்ச விஷயமே இதுதான். தரையில ஓரிடத்துல வைங்க, ரெண்டு காலும் நிக்கிற இடத்துல சாக்பீஸ்ல புள்ளி வைங்க. நூல் அமைதியானதும் கட்டையில பென்சில் கோடு. இப்போ கருவியைத் திருப்பி, இடது கால் நின்ன புள்ளியில வலது கால் வர மாதிரி வைங்க. இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான மட்டம்.

ஏன்? கருவியோட கோணல் ரெண்டு தடவையும் ஒரே பக்கம் தள்ளுது. தரையோட சரிவு ஒரு தடவை இந்தப் பக்கம், அடுத்த தடவை அந்தப் பக்கம் தள்ளுது. சராசரி எடுத்தா தரை கழிஞ்சு போயிடும். சிவில் பசங்க தியோடலைட்ல ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் எடுக்குறதும் இதே யோசனைதான், லேப் ரெக்கார்டுல எழுதினதோட விட்டிருப்போம். கடையில வாங்குற ரசமட்டத்தையும் இப்படித் திருப்பி வெச்சு சோதிச்சுட்டு காசு குடுங்க.

அடுத்து அளவுக்கோடு. நூல் நீளம் 600 மில்லிமீட்டர், அதனால நடுக்கோட்டுல இருந்து நூல் நகர்ற தூரத்தை 600-ஆல வகுத்தா சரிவு. ரெண்டு பக்கமும் 50 மில்லிமீட்டர்ல சிவப்புக் கோடு போடுங்க, அது 1:12. ஆறு மில்லிமீட்டர்ல பச்சைக் கோடு, அது 1:100. குளியலறைத் தரையில தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்க அது உதவும்.

போன்ல ஆப் இருக்கேன்னு கேப்பீங்க. முழு டிகிரி மட்டும் காட்டுற ஆப்ல ஒரு டிகிரின்னா ஒரு மீட்டருக்கு 17 மில்லிமீட்டர். 1:100 சரிவு அதுல அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். நம்ம நூல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கண்ணுக்குத் தெரியும். ஒரே தொல்லை காத்து. வெளியில அளக்கும்போது தண்ணி ஊத்தின மக்குல நட்டு மூழ்கி இருக்கட்டும், ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

நாங்க நாலு பேர் ஒரு கட்டடத்து சாய்தளத்துல வெச்சுப் பார்த்தோம். நூல் சிவப்புக் கோட்டைத் தாண்டி 75-ல நின்னுது. 75/600, அதாவது 1:8. திருப்பி வெச்சோம், அந்தப் பக்கமும் 75. மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துலயும் அளந்து, படத்தோட ஒரு பக்கக் கடிதமா எழுதிக் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல. கருவி எங்க ரூம் கதவுக்குப் பின்னாடிதான் சாஞ்சிருக்கு, உங்க பிளாக்கை அளக்கணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க.