பிள்ளைக்கு மலம் கட்டினால் என்ன செய்வது?

"புள்ள மூணு நாளா வெளிக்குப் போகல. கதவுக்குப் பின்னால போயி நின்னு அழுவுது. என்னத்தக் குடுக்கிறது?" பிள்ளைக் காம்பராவில் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

எது மலச்சிக்கல்?

தினமும் போகாவிட்டால் நோய் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் போனாலும், இளக்கமாக நோவில்லாமல் போனால் கவலையில்லை. ஆட்டுப் புழுக்கை போல இறுகி, நொந்து, கிழமைக்கு இரண்டு தரமோ அதற்குக் குறைவாகவோ போனால் அதுதான் மலச்சிக்கல்.

ஏன் வருகிறது?

வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும், நாள் முழுக்கப் பால்மாவும் என்றால் மலம் இறுகும். குளிரில் பிள்ளை தண்ணீர் கேட்காது. நாமும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

ஒரு தரம் நொந்துவிட்டால் பிள்ளை பயந்து அடக்கிக்கொள்ளும். அடக்கிய மலத்திலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும். அடுத்த தரம் இன்னும் நோகும். காலைப் பின்னிக்கொண்டு விறைத்து நிற்பது முக்குவதற்கல்ல, பெரும்பாலும் அடக்குவதற்கே. இது பிடிவாதமில்லை, பயம். ஆகவே ஏசவோ அடிக்கவோ வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. கொதித்தாறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தேத்தண்ணி வேண்டாம். அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும்.

2. பால்மா கரைத்த பால் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். பால் வயிற்றை நிரப்பினால் பிள்ளை சோறு தின்னாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

3. பழுத்த பப்பாசி, மசித்த பருப்பு, கீரை, போஞ்சி, கரட் ஆகியவற்றைத் தினமும் ஏதாவதொன்றாகச் சேருங்கள்.

4. சாப்பிட்டு 20 நிமிடம் கழித்து, 5 நிமிடம் குந்த வையுங்கள். வயிறு நிரம்பியதும் குடல் தானாக அசையும். பெரியவர்களின் கக்கூசுக் குழியைக் கண்டால் பிள்ளை பயப்படும். சின்னச் சட்டியொன்று போதும். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் முடியாது. ராச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்யுங்கள். தகப்பன்மாரும் பக்கத்தில் இருக்கலாமே!

செய்யக் கூடாதவை

சவர்க்காரத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைக்காதீர்கள். புண்ணாகும், பயமும் கூடும். விளக்கெண்ணெய், பெரியவர்களின் பேதி மருந்து கொடுக்காதீர்கள். இரும்புச்சத்துப் பாணி குடித்த பிறகு கட்டினால், நீங்களாக நிறுத்தாமல் மருந்து தந்தவரிடம் கேளுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

வயிறு ஊதி வாந்தி எடுத்தால், காய்ச்சலும் சேர்ந்தால் உடனே போங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், நிறை கூடாவிட்டால், பிறந்த நாளிலிருந்தே கட்டினால், இரண்டு கிழமையாகியும் குறையாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசியும். அதை வயிற்றோட்டம் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியர் மாதக் கணக்கில் கொடுக்கச் சொல்லலாம். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்தினால் திரும்பவும் கட்டும். பழைய பயமும் வந்துவிடும்.

அரைப் பேர் போகுமே என்று நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். நோவு தீர்ந்தால் பயம் தீரும். பயம் தீர்ந்தால் பிள்ளை தானாகவே போகும்.