உணர்வும் சொல்லும்

செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, வேதகிரி மலையடியில் அமைந்த பழம்பதி திருக்கழுக்குன்றம். நண்பகல் வேளையில் வெண்கழுகுகள் இரண்டு அம்மலைக்கு வந்து, பண்டாரம் அளிக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு மீளும். அதனைக் காண மக்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி வந்தனர். 1990களின் இறுதிக்குப் பின் அக்காட்சி இல்லையாயிற்று.

கண்டோர் உள்ளத்து எழுந்த உணர்வைத் தொல்காப்பியர் மருட்கை என்பார். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினால் தோன்றும். ஆங்கிலம் கற்கும் மாணாக்கன் இதற்குச் ‘சர்ப்ரைஸ்’ என்று எழுதிவிடுவான். அச்சொல் எதிர்பாராமையைக் குறிப்பது. முதன்முறை வந்த சிறுவனுக்கே பொருந்தும். ஆண்டுதோறும் வந்த முதியவருக்கு அதில் எதிர்பாராதது யாது? பெருமையின் முன் அச்சமும் கலந்து நிற்கும் அவர் நிலையை ஆங்கிலேயர் ‘ஆ’ என்பர். வியந்து ‘ஆ’ என வாய்திறக்கும் நம்மவர்க்கு இச்சொல் எளிதில் மறவாது!

துன்பத்தைக் குறிக்குமிடத்து இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. எவ்வகைத் துயரையும் ‘சேட்’ என்னும் ஒரே சொல்லால் மாணாக்கர் கூறுவர். தொல்காப்பியரோ அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணம் வகுத்தார். தாயை இழந்தவன் அழுகை இழவினால் வந்தது. ‘கிரீஃப்’ என்பது அதற்குரிய சொல். பலர் முன்னே இகழப்பட்டவன் அழுகை இளிவினால் வந்தது. அதற்கு ‘ஹியூமிலியேஷன்’ வேண்டும். முன்னவன் அருகில் ஒருவர் அமர்ந்திருந்தால் ஆறுதல் பெறுவான். பின்னவனோ, பிறர் பார்வை படுந்தோறும் மேலும் குன்றுவான். அவனைச் சூழ்ந்து நின்று தேற்றப் புகுவது புண்ணைக் கிளறுவதாகும். வறுமையால் அழுபவனுக்கோ சொல்லினும் சோறே முந்தியது. ஆகவே காரணத்தை வினவிய பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

‘எமோஷன்’ என்னும் சொல்லே இலத்தீனில் அசைத்து வெளிப்படுத்தல் என்னும் பொருளுடைய வினையினின்று வந்தது. மெய்ப்பாடு என்பதோ உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் புலப்படுதல். முன்னது அசைவை நோக்கிற்று. பின்னது காண்போன் கண்ணை நோக்கிற்று.

சில இடங்களில் நம் சொல்லே அகன்றது. நாண் என்பது திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தில் தகாத செயலுக்குக் கூசுதல். நாணுத்துறவுரைத்தலில் காதலர்க்குரிய கூச்சம். ஆங்கிலத்தில் முன்னது ‘ஷேம்’. பின்னதற்கு ‘மாடஸ்டி’ ஒருவாறு பொருந்தும். மாறாக, அவர்தம் ‘பிரைட்’ என்பதில் பெருமிதமும் செருக்கும் ஒருங்கே அடங்கும். கல்வியும் கொடையும் தரும் பெருமிதத்தைச் செருக்கோடு சேர்த்தெண்ணத் தமிழன் ஒருப்படான்.

ஜி.யு. போப் 1886இல் திருக்குறளையும், தம் எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மாணிக்கவாசகர் இக்கழுக்குன்றைப் பாடிய பதிகமும் அதனுள் அடங்கும்.