அடுக்கு வில்லும் வளைசட்டப் பாடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

வில் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் இராமனும் அருச்சுனனும் ஆவர். இயற்பியல் பயில்வோருக்கோ வில் என்பது நடுவில் பிடிக்கப்பட்டு இருபுறமும் வளையும் ஒரு சட்டமே ஆகும்.

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கண்காட்சியில் எனக்கு 'வளைசட்டம்' என்ற தலைப்பு கிடைத்தது. மீட்டர் அளவுகோலை மேசை விளிம்பில் இறுக்கி, முனையில் எடை தொங்கவிட்டு, யங் குணகம் காண்பது நாம் அனைவரும் செய்த சோதனைதான். அதையே வைத்தால் யார் நின்று பார்ப்பார்கள் என்றெண்ணி, ஆளுயர நீள்வில் ஒன்றைச் செய்து காட்ட முடிவு செய்தேன். மூன்றாவது முயற்சியில்தான் வில் அமைந்தது. முதல் இரண்டும் ஏன் கெட்டன என்பதை இங்கு காண்போம்.

முதுகும் வயிறும்

வில்லின் பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் கிளைகள் என்று குறிப்பிடுகிறேன். எய்பவனை நோக்கிய பக்கம் வயிறு. இலக்கை நோக்கிய பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது முதுகுப் பக்கம் நீள்கிறது. வயிற்றுப் பக்கம் சுருங்குகிறது. இடையில் நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு இருக்கிறது. அதுவே நடுநிலை அச்சு செல்லும் தளம் ஆகும். அத்தளத்திலிருந்து விலக விலகத் தகைவு கூடும். ஆகவே வில் முதலில் முறிவது அதன் மேற்பரப்பில்தான்.

இங்கிலாந்தின் நீள்வில் யூ மரத்தில் செய்யப்பட்டது. அம்மரத்தின் வெளிப்பகுதி இழுவிசையை நன்கு தாங்கும். உள்வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மரத்தைப் பிளந்து, வெளிப்பகுதி முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையுமாறு வில்லைச் செதுக்கினர். இயற்கையே ஒட்டித் தந்த அடுக்கு வில் என்று அதைக் கூறலாம். 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலில் இத்தகைய வில்கள் 130-க்கும் மேல் முழுமையாகக் கிடைத்தன.

தக்க மரம் கிடைக்காத ஆசியப் புல்வெளிகளின் மக்கள் அடுக்குகளைத் தாமே சேர்த்தனர். முதுகில் விலங்கின் தசைநார், நடுவில் மரம், வயிற்றில் கொம்பு என்று ஒட்டினர். ஜப்பானியர் முதுகிலும் வயிற்றிலும் மூங்கிலை வைத்து, நடுவில் மரமும் மூங்கில் கீற்றுகளும் அடுக்கினர். எங்கும் விதி ஒன்றே: எந்தப் பொருள் எந்த விசையைத் தாங்குமோ, அதை அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

முதல் வில்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மூங்கிலில் கூடையும் முறமும் ஏணியும் செய்பவர். சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'கூலி' என்று எழுதியிருந்தேன். வில் செய்யத் தொடங்கியபோதும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் கிடந்த தடித்த மூங்கிற் பத்தை ஒன்றை எடுத்து, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதன் பச்சைத் தோலை இழைத்து எடுத்துவிட்டேன். இரண்டாவது இழுப்பில் முதுகுப் பக்கம் சிம்பு சிம்பாகக் கிளம்பி முறிந்தது.

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்த அப்பா, "தோலைப் போய்ச் சீவுவாங்களா? உரமெல்லாம் அதுலதான இருக்கு," என்றார். பிறகு நூலில் தேடிப் பார்த்தேன். மூங்கிலின் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் உட்புறத்தில் ஐதாகவும் அமைந்துள்ளன. அதிக இழுவிசை விழும் இடத்திலேயே வலிமையான நாரை நான் வெட்டி எறிந்திருந்தேன்.

இரண்டாம் வில்

அடுத்து மூன்று பிளாச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். இம்முறை எந்தத் தோலையும் தொடவில்லை. மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவி, கயிற்றால் இறுகக் கட்டினேன். பார்வைக்கு அருமையாக இருந்தது. நாண் ஏற்றி நாலைந்து முறை இழுத்ததும் சடசடவென்று ஓசை கேட்டது. பிளாச்சுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி, மூன்று தனி மூங்கில்களாகிவிட்டன. நடுப் பிளாச்சின் வழவழப்பான தோலில் பசை பிடிக்கவே இல்லை.

இந்த வழுக்கலின் விலை என்ன என்பதை ஆய்வகத்தில் அளந்தேன். 4 மி.மீ. தடிமனுள்ள மூன்று பிளாச்சுகளை ஒட்டாமல் அடுக்கி, விளிம்பிலிருந்து 40 செ.மீ. நீட்டி, முனையில் 1 கி.கி. தொங்கவிட்டேன், இறக்கம் 36 மி.மீ. அதே அளவில் தோல் நீக்கி நன்கு ஒட்டிய மூன்றில் இறக்கம் 5 மி.மீ. மட்டுமே.

காரணம் எளிது. சட்டத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்த்தகவில் உள்ளது. தனித்தனியே வளையும் மூன்று பிளாச்சுகள் ஒன்றைப் போல் 3 மடங்கு விறைப்பே தரும். ஒட்டினால் தடிமன் 3 மடங்கு. விறைப்பு 27 மடங்கு. ஆகவே ஒட்டுவதால் கிடைப்பது 9 மடங்கு. என் சோதனையில் 7 மடங்கு கண்டேன். பிளாச்சுகளின் தடிமன் எங்கும் சீராக இல்லாததும், மேசைப்பிடி சிறிது நெகிழ்ந்ததும் இக்குறைவுக்குக் காரணம் எனலாம்.

அடுக்குகளை வழுக்கச் செய்யும் சறுக்குத் தகைவு, மேற்பரப்பில் சுழி. நடுவில் மிக அதிகம். சமமான மூன்று அடுக்குகள் உள்ள கிளையில் ஒட்டுத் தளங்களில் விழுவது அந்த உச்ச அளவில் 8/9 பங்கு. வில் வலிமையாவது அடுக்குகளின் எண்ணிக்கையால் அன்று. அவை ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால்தான்.

மூன்றாம் வில்

இம்முறை அப்பாவையே மூங்கில் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முற்றிய மூங்கிலாகப் பார்த்து, கணுக்கள் ஒரே இடத்தில் வராதவாறு மூன்று பிளாச்சுகளைப் பிளந்து தந்தார். முதுகிலும் வயிற்றிலும் தோல் வெளிப்புறம் இருக்க, ஒட்டும் பக்கங்களை மட்டும் சமமாக இழைத்தோம். நடுப் பிளாச்சின் தோலை முழுவதும் நீக்கினோம். ஒட்டும் பரப்புகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசு துடைத்து, இரு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையை இட்டோம். சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து முழு நீளமும் சுற்றினோம். அளவுக்கு மீறி நெரித்தால் பசை முழுவதும் வெளியேறிவிடும். ஒரு நாள் காயவிட்டோம்.

முனையை நோக்கிச் செல்லச் செல்ல வளைவுத் திருப்புத்திறன் குறைகிறது. ஆதலால் கிளையும் மெலிய வேண்டும். இல்லையேல் பிடியருகே மட்டும் வளைந்து அங்கேயே முறியும். முதுகின் நாரை வெட்டக் கூடாது என்பதால், இந்த மெலிவை நடுப் பிளாச்சிலேயே ஒட்டுவதற்கு முன் இழைத்துவிட்டோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 10 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. குறைத்தால் விறைப்பு 27 விழுக்காடு குறையும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 10 விழுக்காடுதான் குறையும். எனவே ஒட்டியபின் செய்யும் திருத்தங்களை அகலத்தில் செய்வதே புதியவருக்கு நல்லது. வளையும்போது மேற்பரப்பின் திரிபு, தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். 12 மி.மீ. கிளை 60 செ.மீ. ஆரத்தில் வளைந்தால் திரிபு நூற்றில் ஒன்று. இரு கிளைகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று சுவரில் நிழல் விழச்செய்து பார்த்தோம். 165 செ.மீ. நீளமுள்ள வில், 60 செ.மீ. இழுவையில் வில்தராசில் 11 கி.கி. காட்டியது. அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது என்பதையும் நினைவிற்கொள்க. அம்புக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் ஒட்டுகளின் மீதே திரும்பும்.

முடிவுரை

1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் வில்லை ஆராய்ந்து, உருண்ட வயிற்றைவிடத் தட்டையான செவ்வகக் குறுக்குவெட்டே தகைவைச் சீராகப் பங்கிடும் என்று காட்டினார். ஏணிக்கும் கூடைக்கும் பிளாச்சு சீவும் என் தந்தையார் அச்சூத்திரத்தை அறியார். ஆனால் தோல் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதை அவர் விரல் அறியும். நான் இரு முறையும் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

கண்காட்சியன்று அப்பா வந்திருந்தார். பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், பிளாச்சுகளைச் சீவியது யார் என்று கேட்டார். அப்பாவைக் காட்டினேன். இனி எந்தப் படிவத்திலும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மூங்கில் வேலை' என்றே எழுதுவேன்.